கழுத்துக் கருப்பு

என் மகளின் கழுத்தை இரண்டு வருஷம் தேய்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் அவளைக் குளியலறை முக்காலியில் உட்காரவைத்து, முதலில் கடலை மாவு, அதற்குப் போகவில்லை என்றதும் எலுமிச்சைத் தோல், அதற்கும் மசியவில்லை என்றதும் பீர்க்கங்காய் நார். பின்கழுத்தில் பட்டையாக ஒரு கருப்பு. அழுக்கு என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? ஒன்பது வயசுப் பெண், தானாகக் குளிக்கப் பழகியவள், நாலு சொம்புத் தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறாள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"எரியுதும்மா" என்பாள்.

"எரியட்டும். அழுக்கு எப்டி ஏறிக் கீது பாரு. ஸ்கூல்ல பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? தாயி இல்லாத பொண்ணுன்னு நெனப்பாங்க."

பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "கவரிங் செயின் போட்டா அப்டித்தான் கருக்கும்" என்றாள். போதாதா எனக்கு? செயினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் மார்க்கெட் தெருவில் அந்தக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டேன். பாவம் அந்த மனுஷன், வேறு செயின் கொடுத்து அனுப்பினார். கருப்பு அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நார் பட்டுத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் அழவில்லை. தலையைக் குனிந்து கழுத்தை எனக்கு வாகாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் எட்டாம் மாசத்தில் பிறந்தவள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்தாள், உள்ளங்கை அளவு உடம்பு. தினமும் நர்ஸ் எடைபோட்டு ஒரு சீட்டில் எழுதுவார். பத்து கிராம் ஏறினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். ஐந்து கிராம் குறைந்தால் மூச்சே இறங்காது. அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றுதான் என் கணவர் வீட்டுக் குலதெய்வ அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்: தாயே, இந்த உடம்பில் கொஞ்சம் சதை வை. எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன்.

பிழைத்தாள். ஆனால் என் பயம் பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன். போனில் பொம்மைப் படம் ஓடவிட்டு, வாய் திறந்த நேரமெல்லாம் நெய்ச் சோற்றை உள்ளே தள்ளினேன். அவள் "போதும்" என்று சொன்னதை நான் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை. நாலு வயசில் கன்னம் உப்பியது. "இப்பத்தான் கொழந்த மாதிரி கீது" என்று தெருவில் ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு நான் சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன்.

பயம் ஒன்றோடு நிற்குமா? தெருநாய் ஒரு பிள்ளையைக் கடித்தது என்று கேள்விப்பட்டு அவளைத் தெருவில் விளையாட விடவில்லை. திருப்பதி ரோட்டில் லாரிகள் போகிற வேகத்தைப் பார்த்து, தோழிகளோடு நடந்து போய்க்கொண்டிருந்தவளை ஸ்கூல் வேனில் ஏற்றினேன். வெயில் என்று மாடிக்குப் போகக் கூடாது, மழை என்று வாசலுக்குப் போகக் கூடாது. உட்கார்ந்தால் பிஸ்கட், படித்தால் ஜூஸ். நானும் நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவள்தான். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஜனங்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. ஜன்னல் வழியாக மலைக்கோயில் படியில் ஏறுகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வடையும் டீயும் சாப்பிடுவேன்.

என் கணவர் விடிகாலை ரயிலுக்குச் சென்னைக்குப் போனால் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். வரும்போது கையில் ஒரு பொட்டலம். பப்ஸ், சமோசா, கேக், ஏதாவது ஒன்று. "நைனா!" என்று அவள் ஓடி வந்து பொட்டலத்தை வாங்குவாள். ஒரு நாளில் அப்பனும் மகளும் பார்த்துக்கொள்வது அந்த ஒரு நேரம்தான். அதில் யார் போய்க் குறை சொல்வது?

வேண்டுதலை அஞ்சு வயசிலேயே முடித்திருக்கலாம். தள்ளிப்போட்டோம். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். என் கணவரின் அக்கா பொதட்டூர்பேட்டையைத் தாண்டி இருக்கிற சொந்த ஊரிலேயே இருப்பவர், "இன்னும் ரெண்டு கிலோ ஏறட்டும்மா. அம்மனுக்குப் போய்க் கொறைச்சலாவா குடுப்பாங்க?" என்பார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த ஆடி, அதற்கடுத்த ஆடி என்று ஒவ்வொரு வருஷமும் எடை ஏறக் காத்திருந்தோம். யாராவது பிள்ளையின் உடம்பு ஏறட்டும் என்று சாமி காரியத்தை ஒத்திவைப்பார்களா? நாங்கள் வைத்தோம்.

போன வருஷம் ஆடியில், அவளுக்குப் பதினோரு வயசு ஆன பிறகு, ஒரு வழியாக அந்த ஊர் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். வெல்ல மண்டியிலிருந்து பெரிய தராசைக் கொண்டுவந்து கோயில் வாசலில் மூன்று கட்டைகளைக் கூட்டி நிறுத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு தட்டில் பட்டுப்பாவாடையோடு அவள். இன்னொரு தட்டில் வெல்ல உருண்டைகள். நாற்பது கிலோ கொண்டுபோயிருந்தோம், மிஞ்சும் என்ற நினைப்பு. மொத்தத்தையும் வைத்தார்கள். அவள் உட்கார்ந்த தட்டு தரையைவிட்டு எழவே இல்லை.

"இன்னும் போடு, இன்னும் போடு" என்று சின்னப்பிள்ளைகள் கைதட்டினார்கள். சொந்தக்காரர் ஒருவர், "மூட்டை பத்தாது மச்சான், மண்டியையே தூக்கினு வா!" என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்றரைக் கிலோவில் கிடந்த பிள்ளை! ஊருக்குள் ஓடிப்போய் இன்னும் ஒரு சிப்பம் வெல்லம் வாங்கி வந்தார்கள். அதுவும் போதாமல், படையலுக்கு வைத்திருந்த பூசணிக்காயையும் தேங்காய்க் கூடையையும் ஏற்றிய பிறகுதான் தட்டு அசைந்தது. அவ்வளவு நேரமும் அவள் முகத்தை முழங்கால்களுக்கு நடுவில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

குனிந்ததில் பின்கழுத்து எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார். வேறு ஊரிலிருந்து பொங்கல் வைக்க வந்தவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாம்.

"உங்க பொண்ணுங்களா? கழுத்துல இது எவ்ளோ நாளா இருக்குங்க?"

"அழுக்குங்க. ஒழுங்கா குளிக்கறதில்ல" என்றேன், வெடுக்கென்று. கோயில் வாசலில் வந்து என் பிள்ளையைக் குறை சொல்ல இவள் யார் என்ற கோபம்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். "அழுக்கா இருந்தா தேச்சா போயிடும்மா. இது போகாது. தேய்க்காதீங்க, பாவம். ஒடம்புல எடை கூடி, உள்ள இன்சுலின் சரியா வேலை செய்யாம சக்கரை ஏறப் பாத்தா இப்டி கருக்கும். நாளைக்கே ரத்தம் பாத்துடுங்க."

உங்களுக்கு அது ஒரு தகவலாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. என் அப்பாவைச் சர்க்கரைதான் தின்றது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. புண்ணைக் கழுவுகிற பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அதனாலேயே நான் அந்தப் பரிசோதனைப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. பார்க்காத வரை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் என் பிள்ளை விஷயத்தில் அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரசாதம் என்று எல்லோரும் வெல்லத்தை உடைத்து வாயில் போட்டார்கள். நான் கை நீட்டவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கிற ஒரு லேடி டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர மாலையானது. அந்த ஒரு பகலில் நான் பட்ட பாடு எட்டாம் மாசப் பிரசவத்திலும் பட்டதில்லை. கடையில் உட்கார்ந்து பட்டா மாறுதல் மனு ஒன்றில் மூன்று இடத்தில் ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்தேன்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சக்கரை வியாதி இன்னும் வரலம்மா. ஆனா வாசல்ல வந்து நின்னுகினு இருக்கு. உள்ள விடறதும் திருப்பி அனுப்பறதும் உங்க வீட்ல இருக்கறவங்க கையிலதான் இருக்கு." பாட்டில் ஜூஸ், பிஸ்கட், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்றார். தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும், பருப்பு, முட்டை, சுண்டல் தாராளமாகக் கொடுங்கள், தினம் ஒரு மணி நேரம் ஓடியாட விடுங்கள், நேரத்துக்குத் தூங்கவையுங்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு கூடாது. வீட்ல எல்லாரும் அதையேதான் சாப்டணும். திட்டவும் கூடாது, பட்டினி போடவும் கூடாது. வளர்ற பொண்ணு."

அந்தக் கடைசி ஒன்றுதான் என் காதில் ஏறவில்லை. வாசலில் வந்து நிற்கிறது என்ற ஒரே வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து என் வீட்டில் நான் அம்மா இல்லை, போலீஸ். காலையில் ரெண்டு இட்லி, மதியம் டப்பாவில் நாலு கரண்டி சோறும் வெள்ளரிக்காயும், ராத்திரி ஒரு தோசை. அவள் கை மூன்றாவது இட்லி பக்கம் போனால், "வேணா கண்ணு" என்று ஆரம்பித்து, "அறிவு கீதா உனுக்கு?" என்று முடியும். தாத்தாவின் காலைப் பற்றி அவளிடம் சொன்னேன். விரலிலிருந்து ஆரம்பித்து, விடாமல் சொன்னேன். பயந்தால் சாப்பிட மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். பயமுறுத்திச் சாப்பிடவைத்தவள்தானே, பயமுறுத்தி நிறுத்தவும் தெரியாதா எனக்கு?

என் கணவர் பொட்டலம் கொண்டுவந்த அன்று வாசலிலேயே மறித்தேன்.

"இன்னாங்க இது? புள்ளைய கொல்லப் பாக்கறீங்களா?"

"நாளெல்லாம் அவ மொகத்தையே பாக்கறதில்ல. இது ஒண்ணுதான் நா அவளுக்குச் செய்யறது. அதையும் கூடாதுன்னா எப்டி?" என்றவர் குரல் உடைந்துவிட்டது. பொட்டலத்தை அப்படியே தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் வாசலுக்கு ஓடுவதை நிறுத்திவிட்டாள். அவரும் வந்ததும் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

மூன்று வாரம் இருக்கும். ஸ்கூலிலிருந்து போன். காலை பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாளாம். டைப் அடித்த மனுவை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. மூச்சு வாங்கி, மார்பு அடைத்து, பாதி வழியில் ஒரு டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துப்போயிட்டாளா, செத்துப்போயிட்டாளா என்று அது ஒன்றுதான் உள்ளே ஓடியது.

டீச்சர்கள் அறையில் பெஞ்சில் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. டீச்சர் தனியாகச் சொன்னார்: ஒரு வாரமாகவே டப்பாச் சோற்றைத் தொடவில்லையாம், காலை இட்லியையும் ஒளித்து எடுத்துவந்து, வேனுக்குக் காத்திருக்கும்போது மாட்டுக்குப் போட்டுவிட்டு வருகிறாளாம், கூட வரும் பிள்ளைகள் சொன்னார்களாம்.

"ஏன்டி?" என்றேன். அடிக்கக் கை ஓங்கிவிட்டு அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன்.

"சாப்ட்டா காலை எடுத்துடுவாங்கன்னு சொன்னியேம்மா" என்றாள்.

அங்கிருந்து நேராகக் கூட்டிப்போனதும் டாக்டர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, என் மாமியார்கூட அப்படித் திட்டியதில்லை. "நா பட்டினி போடச் சொன்னனா? பயமுறுத்தச் சொன்னனா? கொழந்தைக்கு வியாதி வராம இருக்க வழி சொன்னா, நீங்க புது வியாதிய வரவெக்கறீங்க." திட்டட்டும். அவள் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அது போதும் எனக்கு.

அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். முதல்முறையாக அவளைக் கேட்டேன், உனக்கு என்ன செய்ய ஆசை என்று. "நைனாவ கூப்பிட ஸ்டேசனுக்கு நடந்து போலாமா?" என்றாள். ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம். அவர் தினமும் பைக்கை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுத்தான் போவார். முதலில் முனகினார். "களைச்சுப் போய் வரேன், நடக்க வேற வெக்கறியா?" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆங், சரி. வண்டிய வூட்லயே விட்டுர்றேன்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. விளக்கு வைத்த பிறகு நானும் அவளும் கிளம்புவோம். முதல் வாரம் பாதி வழியில் எனக்குத்தான் மூச்சு முட்டியது, அவள் எனக்காக நிற்பாள். நாய் குலைத்தால் அவள் கையை இறுக்குவேன், லாரி ஹாரன் அடித்தால் ஓரத்துக்கு இழுப்பேன். ரயில் வந்து நின்றதும் கூட்டத்துக்குள் புகுந்து நைனாவைத் தேடி ஓடுவாள். திரும்பி வரும்போது அப்பனும் மகளும் முன்னால் பேசிக்கொண்டே போவார்கள், நான் பின்னால் இழுத்து இழுத்து நடப்பேன். அவ்வளவு பேச்சு இத்தனை வருஷமாக எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, சுண்டல், ஒரு கொய்யா. பசித்தால் இன்னொரு அடை கேட்பாள். போடுவேன். எத்தனையாவது என்று எண்ணத்தான் செய்வேன், ஆனாலும் போடுவேன். காலையில் வேனை நிறுத்திவிட்டு, பழையபடி தோழிகளோடு நடக்க விட்டேன். தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்று பார்ப்பேன். திரும்பிய பிறகு பத்து மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில மாசம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்கும் நாள் வந்தது. டாக்டர் காகிதத்தை நிதானமாகப் படித்தார். "சக்கரை நல்லா இறங்கி இருக்கும்மா. இப்டியே போனா பயமில்ல. எடை பெருசா கொறையலன்னு பாக்காதீங்க, உயரம் ஏறுது இல்ல" என்றார். அந்த மேஜைமேலேயே தலைவைத்து அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. டாக்டரைப் பார்த்து, "அம்மாவுக்கும் பாருங்க டாக்டர்" என்றாள். "நடந்தா ரொம்ப மூச்சு வாங்குது. தண்ணி குடிச்சிகினே இருக்காங்க. கடையில போண்டா சாப்டறாங்க, நா பாத்தேன். வூட்லதான் சாப்டறதில்ல."

"ஐயே, சும்மா இரு" என்றேன். எழுந்தேன்கூட. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர். அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"கைய நீட்டும்மா" என்றாள் என் பிள்ளை. என் விரலைப் பிடித்து அவளே டாக்டர் பக்கம் நீட்டினாள். ஊசி குத்திய வலி தெரியவில்லை. அந்தச் சின்ன மெஷினில் எண் வருகிற சில நொடிகளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. உறுதிப்படுத்த ஒரு பரிசோதனை எழுதுகிறேன், ஆனால் இவ்வளவு இருந்தால் சந்தேகமே இல்லை, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்.

வாசலில் நிற்கவில்லை. எனக்குள் எப்போதோ நுழைந்து உட்கார்ந்துவிட்டது. அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான் என் தட்டைப் பார்க்கவில்லை.

"எங்கம்மா செத்துடுவாங்களா டாக்டர்?" என்று கேட்டாள். இத்தனை மாசமும் அவளைப் பற்றி எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி. வெளியே கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

"சேச்சே. மாத்திரை போட்டுக்கினு, வாயக் கட்டுப்படுத்தி, ஒழுங்கா நடந்தா நெறைய வருசம் இருப்பாங்க."

"நடக்கலன்னா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "நடப்பேன் கண்ணு. எல்லாத்தையும் வுட்டுர்றேன்" என்றேன். அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா நான் நடந்துகொண்டேன்? என் வலது கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"என் தலைமேல சத்தியம் பண்ணு."

பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு மீறினால் என்ன ஆகும் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான். கையை இழுக்கப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் தலை என் கைக்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்தது.

"சத்தியமா" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் நடக்காமல் இருந்ததில்லை.